ஆரோன் நம் ஊர்க்காரர்: கடலூர், புதுவையின் விசுவாச முன்னோரை எப்படி வாசிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம், நவம்பர் கல்லறைத் திருநாளை ஒட்டி நான்கு வாரங்களுக்கு "விசுவாச முன்னோர்" என்ற தலைப்பில் கூட்டம் நடத்தப் போகிறது. கைக்கு வந்த பட்டியலில் லூத்தர், வெஸ்லி, கேரி, ஹட்சன் டெய்லர் என்று எல்லாம் தூரதேசத்துப் பெயர்கள். "மதிக்கிறோம், ஆனால் ஒட்டவில்லை. உள்ளூர் ஆட்களைத் தேடினால் சாதிச் சண்டையும் பதவிச் சண்டையும்தான் கண்ணில் படுகின்றன. இப்படிப்பட்டவர்களிடம் எப்படி ஊக்கம் பெறுவது? யாரிடம் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரிடம் தொடங்குவது என்பதற்குப் பதில் எளிது. ஆரோனிடம் தொடங்குங்கள். எப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இந்தியாவில் சீர்திருத்த சபைகளின் முதல் சுதேச குருவானவர் கடலூர்க்காரர். உங்கள் ஐக்கியத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய முதற்பெயர் ஆறுமுகம். 1698-ஐ ஒட்டி ஒரு வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்தார். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, ஆங்கிலேயர் வசம் இருந்த கடலூரில் 1717-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க ஏற்பாடு செய்தார். அந்தத் தொடர்பில் ஆறுமுகம் கிறிஸ்துவை அறிந்தார். 1718-ல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். ஆசிரியர், உபதேசியார் (குருப்பட்டம் இல்லாமல் வேதம் போதிப்பவர்) என்று பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். மாயவரம் பக்கத்துக் கிராமங்கள் அவர் பொறுப்பில் வந்தன. தஞ்சை அரசருடைய எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனெரிகள் நினைத்தபடி நுழைய முடியாது. ஒரு தமிழர் போகலாம், வரலாம். ஆகவே அந்தச் சபைகளைக் கட்டிக் காத்த கால்கள் ஆரோனுடையவை, அவரோடு அலைந்த உபதேசியார்களுடையவை. 1745 ஜூன் 25 அன்று இறந்தார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பிரசங்கம் கிடைக்கும். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். ஆனால் உங்கள் கேள்வி அதைவிட நேர்மையானது என்பதால், ஆரோன் கதையில் வழக்கமாக விட்டுவிடும் பகுதியையும் சொல்கிறேன்.

அதே காலத்தில் தரங்கம்பாடி சபையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சைப் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் கைக்குக் கிடைத்து, அதை வாசித்து வாசித்தே 1720-களின் பிற்பகுதியில் இந்தச் சபைக்கு வந்து சேர்ந்தார். பல ஆண்டுகள் உபதேசியாராக அடியும் எதிர்ப்பும் தாங்கினார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. கொடுக்கவில்லை. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். ஆரோனுக்குப் பின் 1741-ல் குருப்பட்டம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இப்போது உங்கள் ஐக்கியத்தில் ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஆரோனைக் கொண்டாடுவதா, விடுவதா?" என்று கேட்பார். கேட்க வேண்டும். என் பதில்: கொண்டாடுவது, விடுவது இரண்டுமே முன்னோரைச் சுலபமாகக் கைகழுவும் வழிகள். அவர்கள் எதைச் செய்து முடித்தார்கள், எதைப் பாதியில் விட்டுப் போனார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. முடித்ததற்கு நன்றி சொல்லலாம். ஊக்கம் வருவது அந்தப் பாதியிலிருந்து. விட்ட குறை தொட்ட குறை என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குறை நம் கைக்கு வந்திருக்கிறது. 1733-ல் ஒரு தமிழர் குருவானவர் ஆக முடியும் என்று நிரூபிக்கப்பட்டது. எந்தத் தமிழரும் ஆகலாம் என்பது நிரூபிக்கப்படாமல் நின்றது.

எபிரெயர் 13:7-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். நடத்தினவர்களை நினைக்கச் சொல்கிறது. அவர்கள் நடக்கையின் முடிவைச் சிந்திக்கச் சொல்கிறது. பிறகு அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது. அவர்கள் செய்ததையெல்லாம் அப்படியே செய்யச் சொல்லவில்லை. இடையில் சிந்திப்பது என்று ஒரு வேலையை வைத்திருக்கிறது. நம் ஞாயிறு ஆராதனைகளில் முன்னோர் பேச்சு வரும்போது அந்த நடு வேலையைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

ஆரோன் இறந்த 1745-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஆண்டில் பக்கத்தில் புதுச்சேரியில் என்ன நடந்தது என்று பார்த்தால் உங்கள் நான்கு வாரத்துக்கும் சரக்கு கிடைக்கும். நமக்கு நல்ல காலம், அங்கே ஒருவர் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. பிரெஞ்சுக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த கிறிஸ்தவ துபாஷிகளோடு அவருக்குப் போட்டியும் புழுக்கமும் உண்டு. அதனாலேயே அவருடைய நாட்குறிப்பை வாசிக்கச் சொல்கிறேன். நம்மைப் பிடிக்காதவர் நம்மைப் பற்றி எழுதியது, நாமே எழுதிக்கொண்ட நூற்றாண்டு விழா மலரைவிட உடம்புக்கு நல்லது.

அந்த ஆண்டில் கனகராய முதலியார் தம் மறைந்த மகனின் நினைவாக ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டி முடித்தார். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி அவர். கவர்னர் துய்ப்ளேக்கு அடுத்தபடி புதுவைத் தமிழர்களில் பெரிய செல்வாக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் கோயில் கட்டி ஊருக்கே விருந்து வைத்தார். சாதி வாரியாகத் தனித்தனிச் சமையல், தனித்தனிப் பந்தி. துக்கமும் பக்தியும் உண்மை, பந்தி பிரித்ததும் உண்மை. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் சம்பா கோயிலில் நடந்ததை நாட்குறிப்பில் கட்டாயம் வாசியுங்கள். சேசு சபையாரின் புனித பவுல் ஆலயம் அது. சான் பவுல் என்ற பெயர்தான் மக்கள் வாயில் சம்பா ஆயிற்று. கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். வடபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர் எனப்பட்ட ஐரோப்பிய-இந்தியக் கலப்பினத்தவரும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தூண்ட, ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் மெய்யான கிறிஸ்தவர்கள் என்றால் எதற்கு இந்தச் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அதன்பின் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததும் பதிவாகி இருக்கிறது.

தம்பி, விசுவாச முன்னோர் என்றால் என் மனதுக்கு முதலில் வருபவர்கள் இந்தக் கூட்டத்தார்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், சட்டமும் இல்லை, கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. கையில் இருந்தது ஞானஸ்நானம் ஒன்றுதான். அதை வைத்தே வாதாடினார்கள். துய்ப்ளேக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது, ரங்கப்பிள்ளைக்கு வீதி இருக்கிறது. சுவரைக் கேட்டவர்களுக்கு ஒரு சந்துகூட இல்லை.

அந்தச் சுவரோடு கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பிரிவினை வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்தது. நம் வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருப்பது உங்களுக்கே தெரியும். எறையூரில் 2008-ல் ஒரே பங்குக்குள் நடந்த சாதி மோதலும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நேற்று நடந்தது போலத்தான் பலருக்கு நினைவில் இருக்கின்றன. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போகும்போது இது நெஞ்சில் இல்லை என்றால் முன்னோரைப் பற்றிப் பேசுவது வெறும் அலங்காரம்.

இன்னொரு முள்ளையும் சொல்லிவிட வேண்டும். 1748-ல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்ட நேரத்தில், சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். சேசு சபையார் வெகுகாலமாக அதற்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கியபோது சம்பா கோயிலும் போயிற்று. மிஷன் வீதியில் இன்று நாம் பார்க்கும் பேராலயம் 1791-ல் எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டிடத்தை இடித்தவர்களும் ஜெபம் செய்தவர்கள்தான். இந்துச் சிநேகிதர்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் இதை மறைக்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மிஷனெரிகளைப் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கிவிடாதீர்கள். தூரதேசத்து ஆட்கள் என்றாலும் சிலர் நம் தெருவில் நடந்தவர்கள். அவர்களிடம் கற்க வேண்டியது பெரும்பாலும் அவர்களுடைய வெற்றியில் இல்லை, முடிவில் இருக்கிறது. கீர்னாண்டர் சுவீடன்காரர். 1740 முதல் 1758 வரை கடலூரில் ஊழியம் செய்தார். பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கடலூரைப் பிடித்தபோது பதினெட்டு ஆண்டு உழைப்பு கைவிட்டுப் போயிற்று. கல்கத்தாவுக்குப் போனார், திருமணத்தால் பணக்காரர் ஆனார், சொந்தப் பணத்தில் பெரிய ஆலயம் கட்டினார். முதுமையில் கடன் ஏறி திவாலானார். 1787-ல் அந்த ஆலயமே ஏலத்துக்கு வரும் நிலை ஏற்பட, வேறு ஒருவர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டார். சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் கதையும் இதே வகை. தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்கு நிகர் அவரே. இன்றும் லுத்தரன் சபைகளில் நாம் பாடும் ஞானப்பாட்டுகள் பல அவர் தமிழாக்கியவை. அவர் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். பணக் கணக்கில் ஏமாளி. இந்த முடிவுகளை வாலிபர்களுக்குச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று மூப்பர்கள் சிலர் பயப்படுவார்கள். என் அனுபவம் நேர்மாறானது. கடனில் முழுகிய ஒருவர் மொழிபெயர்த்த பாட்டைக் கடனில் முழுகிய ஒரு குடும்பம் பாடும்போது, அந்தப் பாட்டின் கனமே வேறு.

கெரிக்கே என்ற ஜெர்மன் மிஷனெரி அமைதியானவர். 1767-ல் கடலூருக்கு வந்தார். 1782-ல் பிரெஞ்சுப் படையும் ஐதர் அலியின் படையும் சேர்ந்து ஊரைப் பிடித்தபோது ஓடிப்போகாமல் சபையோடு இருந்தார். பிறகு பப்ரிசியுஸின் இடத்துக்கு வேப்பேரி போனார். போர் வந்த ஊரில் இருப்பதா, போவதா என்ற கேள்வி கீர்னாண்டருக்கும் வந்தது, கெரிக்கேக்கும் வந்தது. ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். போன இடத்திலும் ஒருவர் சபை கட்டினார்.

இனி எங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் கதை. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் இருந்தார். அந்த மிஷன் சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டது. காலப்போக்கில் தானாகக் கரையும் என்பது அவர்கள் வாதம். ஓக்ஸ் ஒப்பவில்லை, விலகினார். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஓர் இடத்தை நிறுவினார். விரைவிலேயே டேனிஷ் மிஷனோடு இணைந்தார். சம்பளம், சகோதரர்கள், சொந்த நாட்டு ஆதரவு எல்லாவற்றையும் ஒரு கொள்கைக்காக விட்டது பெரிய காரியம். கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நெல்லிக்குப்பம் வழியே பண்ருட்டிக்கு பஸ்ஸில் போகிறீர்களே, அந்த வழியில்தான் அந்த ஊர். ஆனால் அந்தக் கொள்கையில் பிறந்த சபையில் இன்று பெண் கொடுப்பதும் எடுப்பதும் எப்படி நடக்கின்றன என்று எங்கள் ஆட்களை நீங்களே விசாரியுங்கள். நான் சொன்னால் வம்பு.

கத்தோலிக்கர் பக்கம் போகலாமா, சபைக் குருவானவரான ஐயர் என்ன சொல்வாரோ என்று தயங்குவீர்கள். தயங்க வேண்டாம். வீரமாமுனிவர் எங்கள் சபையைத் தாக்கி லுத்தேரினத்தியல்பு என்று ஒரு நூலே எழுதியவர். அதையும் மீறிச் சொல்கிறேன், அவரைப் பட்டியலில் வையுங்கள். 3,615 பாடல்களில் யோசேப்பைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி பாடிய இத்தாலியர். கிறிஸ்துவின் வளர்ப்புத் தந்தை, ஒரு தச்சர், காப்பியத் தலைவன் ஆனார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அரசர்களையும் செல்வந்தர்களையும்தானே நம் காப்பியங்கள் பெரும்பாலும் பாடிக்கொண்டிருந்தன. நம் மாவட்டத்தில் விருத்தாசலம் வட்டத்தின் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் கொடுத்தார். அந்தச் சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழிப் பேச்சு.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். 1844-ல் புதுச்சேரியில் ஒரு முக்கியமான திருச்சபை மன்றம் கூடியது. கல்வி, சுதேச குருக்கள் எல்லாம் அங்கே பேசப்பட்டன. அந்த ஆண்டே துப்புயி என்ற பிரெஞ்சு குருவானவர், மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரில் நம் நாட்டுப் பெண்களுக்கென்று ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். நோக்கம், பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவு. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே தேவதாசி என்று நினைத்த ஊர் இது. நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டவர்கள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள். நிறுவனர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தெருவின் ஏச்சைக் காதில் வாங்கிக்கொண்டே பலகையும் கையுமாகப் போய்ப் பாடம் நடத்திய சகோதரிகளின் பெயர்களை யாரும் பாடுவதில்லை. உங்கள் பாட்டி கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்தால், எந்தப் பள்ளியில் கற்றார் என்று விசாரியுங்கள். பாதி வீடுகளில் ஏதோ ஒரு கன்னியர் பள்ளியோ மிஷன் பள்ளியோதான் பதிலாக வரும்.

சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது? முதல் வாரம் ஆரோனும் ராஜநாயக்கனும் சேர்ந்தே வரட்டும். ஒருவரை மட்டும் பேசினால் பாதிக் கதை. இரண்டாம் வாரம் கீர்னாண்டர், பப்ரிசியுஸ், கெரிக்கே. அன்று பப்ரிசியுஸ் தமிழாக்கிய ஞானப்பாட்டு ஒன்றைப் பழைய ராகத்திலேயே பாடுங்கள், கீபோர்டை அணைத்துவிட்டு. மூன்றாம் வாரம் 1745 அக்டோபர். நாட்குறிப்பு தமிழிலேயே எழுதப்பட்டது. மூலத்தையே எடுத்துச் சத்தமாக வாசிக்க வையுங்கள். நடை பழசு, பிரெஞ்சும் போர்த்துகீசியமும் கலந்திருக்கும், முன்கூட்டியே ஒருமுறை படித்துப் பழகாமல் மேடையேற வேண்டாம். அந்த வாரம் மூப்பர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான்காம் வாரத்துக்கு வெளியாள் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் முதன்முதலில் விசுவாசத்துக்கு வந்தவரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வர வேண்டும். வீட்டுப் பெரியவரிடம் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்பார்கள், கதை அங்கேயே நின்றுவிடும். குறிப்பாகக் கேளுங்கள். ஞானஸ்நானம் வாங்கியபோது யார் பேச்சை நிறுத்தினார்கள்? நிலமோ பெண்ணோ கைவிட்டுப் போயிற்றா? எந்தப் பாட்டை முணுமுணுப்பார்? யாரோடு கடைசிவரை சமாதானம் ஆகவில்லை? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் உண்மையான கதை வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பதிவேடு பார்க்க வேண்டுமென்றால் ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். திடீரென்று போய் நின்றால் பீரோ சாவி கிடைக்காது. பழைய ஏடுகள் பொடிப்பொடியாக உதிரும், ஈரக் கையால் தொடாதீர்கள். புதுவைப் பங்குகளில் பழைய பக்கங்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் இருக்கும். பெயர்களை அவரவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்கள். சவரிமுத்து என்று தேடினால் கிடைக்காதவர் சேவியர் என்ற பெயரில் இருப்பார். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், தகப்பன் பெயர், ஊர், ஞானத்தாய் தகப்பன் பெயர்கள் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.